ஏழாவது கண்ணில் ஒரு கை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கீழப்பாவூரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். சிலேட்டில் எழுதின கை. தாளில் எழுதினால் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுவேன். எது முந்தி, எது பிந்தி என்பதும் கலங்கிக் கிடக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. தாள் திரும்பி என் முகத்தைப் பார்க்காது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தென்காசியில் நாங்கள் குடியிருந்த வளவில் எனக்கு அடுத்த வீட்டில் இருந்தவளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வளவு என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அவள் வீடு நடுவில். அவள் புருஷனை என் வீட்டுக்காரர் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவள் எங்களுக்கு மதினி. நடுவீட்டு மதினி. பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். பெயரைப் போட்டால் இதுவும் அவளுடையதாகிவிடும். நேரில் "நீங்க, வாங்க" என்றுதான் பேசினேன், ஒரு நாளும் மரியாதை குறைத்ததில்லை. எழுதும்போது "அவள்" என்றுதான் வருகிறது. வரட்டும்.

மதினி எங்கேயும் போகமாட்டாள். போக முடியாது. அவள் மாமியார் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தாள். புரட்டிப் போட, துடைத்துவிட, கஞ்சி ஊட்ட எல்லாம் மதினிதான். அண்ணாச்சிக்கு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. காலையில் போனால் பொழுது அடைந்துதான் வருவார். குற்றாலம் எங்களுக்கு நடை தூரம். சாரல் காலத்தில் அங்கிருந்து வருகிற காற்று எங்கள் முற்றத்துக் கொடியில் கிடக்கிற சேலையைக் காயவிடாது. அவ்வளவு பக்கம். அந்த அருவியில் மதினி தலை நனைத்தது கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை.

ஆனால் வளவில் யார் எங்கே போய்வந்தாலும் முதலில் மதினியிடம் வந்து ஒப்பிக்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே மாமியார் முனகினால் ஒரு கை கதவைப் பிடித்தபடியே இருக்கும், எழுந்திருக்கத் தயாராக. ஒரு தடவை கடைசி வீட்டுக்காரி சிவகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாள். அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏட்டி, பஸ்ஸ விட்டு எறங்கி வலது காலு வச்சதுலேருந்து சொல்லு."

"கல்யாணம் நல்லா நடந்துது மதினி."

"அதையா கேட்டேன்? பந்தல்ல வாழை குலை தள்ளுனதா, தள்ளாததா?"

"குலையோடதான் கட்டியிருந்தாவ."

"என்ன காயி?"

"அத நான் பாக்கலியே."

"பாக்காம எதுக்குட்டி போன? பஸ்ஸுக்குப் பாரம்."

எல்லாரும் சிரித்தோம். கடைசி வீட்டுக்காரியும் சிரித்தாள். பத்து நாள் கழித்து, சந்தனத்தில் கல் கிடந்ததிலிருந்து மாப்பிள்ளையின் தங்கச்சி பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்தது வரைக்கும் அந்தக் கல்யாணத்தை மதினி சொல்ல, போய்வந்த கடைசி வீட்டுக்காரியே வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "ஆமா, ஆமா, அப்படித்தான்" என்று தலையை வேறு ஆட்டினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மதினி பொய் சொல்லமாட்டாள். "நான் போனேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வாள். "அங்கன எறங்குனதும் எடது கைப்பக்கம் ஒரு மாமரம் நிக்கும். அதுக்கு அடியில ஒருத்தி நவ்வாப்பழம் விப்பா" என்பாள். கேட்கிறவர்கள் அவள் போனதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஆனி, ஆடியில் எங்களுக்கு உறவு பெருகிவிடும். அருவி விழுகிறது என்று தெரிந்தால் போதும், எங்கெங்கோ இருந்து ஆட்கள் ஈரத்துண்டோடு வந்து நிற்பார்கள். நாங்கள் சோறு பொங்கியே மாய்ந்துபோவோம். ராயகிரியிலிருந்து வந்த பெண்கள் ஐந்தருவியில் எந்தக் கிளையில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று மதினியிடம் கேட்பார்கள். நான் வருஷத்துக்கு நாலு தடவை அங்கே குளிக்கிறவள். மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், உள்ளது. இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

அது வரைக்கும் அது சின்ன எரிச்சல். பொறாமை என்று சொல்ல முடியாது. ரயிலில் ஒரு பாலத்தைத் தாண்டிப் போய்வந்த பிறகுதான் அந்தப் பெயர் வைக்கும்படி ஆயிற்று.

செங்கோட்டை மலையாளச் சீமையை விட்டு நம் பக்கம் சேர்ந்த வருஷமோ, அதற்கு அடுத்த வருஷமோ. என் வீட்டுக்காரர் மரம் அறுக்கிற மில்லில் இருந்தார். மரத்தடி பார்க்க அடிக்கடி புனலூருக்கு ரயிலில் போவார். ஒரு தடவை, கிளம்புவதற்கு முந்தின நாள், "நீயும் வாரியா?" என்றார். அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நான் "ம்" என்றேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நானும் அவரும் மட்டும் போன முதல் பயணம் அது.

செங்கோட்டை தாண்டினால் ரயில் மலைக்குள் நுழைந்துவிடும். நீளமான குகை ஒன்று வரும். இருட்டோடு புகையும் சேர்ந்து பெட்டிக்குள் வந்து அடைக்கும். குகை முடிகிற இடத்தில் வெளிச்சம் தெரிகிறதே என்று நான் ஆசைப்பட்டு முகத்தை வெளியே நீட்டிவிட்டேன். என்ஜின் கரித்தூள் ஒன்று கண்ணில் விழுந்தது. ஒரு கண்ணில் விழுந்தது, இரண்டு கண்ணும் இறுக்கிக்கொண்டது. ஆரியங்காவு வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களோ என்று வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தேன்.

"இங்கேரு, பாலம் வருது. பதிமூணு கண் பாலம். பாரு, பாரு" என்றார் அவர்.

அது அந்தப் பக்கத்தில் பேர்போன பாலம். வெள்ளைக்காரன் காலத்தில் மலைக்கும் மலைக்கும் இடையில் ஆற்றுப் பள்ளத்தின் மேலே கருங்கல்லால் பதிமூன்று வளைவு கட்டி அதன் மேல் தண்டவாளம் போட்டிருக்கிறது. பெட்டியில் இருந்த எல்லாரும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். எனக்குக் கண் திறக்கவில்லை. அப்போது அவர் பாலத்தை விட்டுவிட்டு என் தாடையைப் பிடித்தார். அத்தனை பேர் இருக்கிற இடத்தில். இரண்டு விரலால் இமையைப் பிரித்து ஊதினார். மறுபடியும் ஊதினார். சக்கரத்தின் சத்தம் மாறியது மட்டும் எனக்குத் தெரிந்தது. தரையில் கடகடவென்று வந்த சத்தம் பாலத்தின் மேல் வெறும் பானையைத் தட்டுகிற மாதிரிக் கேட்டது. ரொம்பக் கீழே தண்ணீர் இரைந்தது. கண் தெளிந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் காடு.

"போச்சே, நீ பாக்கலியே" என்றார்.

எனக்கு அதில் வருத்தமே இல்லை. பாலத்தின் மேலே போகிறவர்களுக்குக் கீழே இருக்கிற வளைவு எப்படியும் தெரியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னிடம் இருந்தது அவர் ஊதினது. திரும்பிவந்து அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. வளவில் பொறுமையாகக் கேட்கிறவள் ஒருத்திதான்.

கிணற்றடியில் மதினி வாளியை இறக்கி வைத்தாள். "சொல்லு" என்றாள். நான் மெல்ல மெல்லச் சொன்னேன். எனக்குச் சொல் கிடைக்காத இடத்தில் பொறுத்திருப்பாள். குகையின் ஈரவாடை எப்படி, என்ஜின் எத்தனை தடவை கூவியது, பெட்டியில் யார் யார், அவர்கள் கையில் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். வெறும் பானைச் சத்தத்தை மறுபடி சொல்லச் சொன்னாள். கண்ணில் ஊதினதைச் சொன்னபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இத யார்ட்டயும் சொல்லிராதீங்க மதினி."

"நான் ஏம்ட்டி சொல்லப் போறேன்?"

அந்த ஆடியில் வீடு நிறைய ஆள். மத்தியானம் சாரல் பிடித்துக்கொண்டது. குளித்துச் சாப்பிட்டவர்கள் நடுவீட்டில் கூடினார்கள். நான் என் வீட்டு அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், மேலே இடைவெளி உண்டு. மதினி குரல் தெளிவாக வந்தது.

"கொகை முடிஞ்சதும் கொஞ்ச தூரந்தான். ரயிலு சத்தம் மாறும். அதுவரைக்கும் கடகடன்னு வந்தது, வெறும் பானையத் தட்டுன மாதிரிக் கேக்கும். ஆகா, காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லன்னு அப்பத்தான் தெரியும். எல்லாம் ஜன்னலுக்கு ஓடும். ஒரு சின்னஞ்சிறுசு மட்டும் ஓடல. கண்ணுல கரி விழுந்துட்டு பாவம். பெட்டியில இருக்கவங்க அத்தன பேரும் பாலத்தப் பாக்காவ. அவ புருசன் மட்டும் அவ கண்ணப் பாக்கான்."

"ஆகா" என்றது யாரோ ஒரு பெண் குரல். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் நடுவீட்டு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு வெட்கம். அந்த மாதிரி முகத்தை நான் பார்த்ததே கிடையாது. ரயிலில் ஊதினபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, என் கண்தான் மூடியிருந்ததே. அது இப்படித்தான் இருந்திருக்கும். எனக்குச் சேரவேண்டிய அந்த முகத்தை ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கருவாடு கருகிப்போன வாடை வந்த பிறகுதான் நான் உள்ளே ஓடினேன்.

தப்பாக எதுவும் கிடையாது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சொல் கோணலாக வந்ததில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் கிணற்றடியில் கேட்டேன். "சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே மதினி."

"உன் பேரச் சொன்னேனா?"

"இல்ல."

"அது நீதான்னு யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"பொறவு என்னட்டி? நல்லா இருந்துச்சா, இல்லியா?"

நன்றாகத்தான் இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்தது நல்ல காரியம் இல்லை. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதும் இல்லை. ஒரு பொய்யை மதினி வாயில் வைத்து, அவள் அதைச் சொல்லும்போது நாலு பேர் முன்னால், "அப்படி ஒண்ணும் அங்கன கிடையாதே" என்று கேட்கவேண்டும் என்று திட்டம் போட்டேன். நான் கேட்கமாட்டேன். என் வீட்டுக்காரர் கேட்பார். மாதம் இரண்டு தடவை அந்த வழியில் போகிறவர் அவர். பொய் என்று அவருக்குத் தெரியாதா?

கிணற்றடியில் பாத்திரம் துலக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். "மதினி, அன்னைக்குப் பெட்டியில ஒருத்தி சொன்னத சொல்ல விட்டுப்போச்சு. ஏழாவது கண்ணுல, உள்பக்கம், கல்லுக்கு நடுவுல பூசியிருக்க சுண்ணாம்புச் சாந்துல ஒரு கை பதிஞ்சிருக்கு."

"கையா?"

"பொம்பளக் கை."

மதினி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஏழாவதுன்னா நட்டநடு. எந்தப் பக்கத்துலேருந்து எண்ணுனாலும் அதுதான்" என்றாள். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. வாயில் வந்த எண்ணைச் சொல்லியிருந்தேன்.

"வலது கையா, எடது கையா?"

"வலது."

"பெருவெரல் எந்தப் பக்கமா இருக்கு?"

நான் யோசிக்காமல், "வலது பக்கம்" என்றேன்.

மதினி எழுந்து போய்த் தன் கையைக் கிணற்றுச் சுவரில் வைத்துப் பார்த்தாள். முதலில் வலது கை. பிறகு இடது கை. "பெருவெரல் வலது பக்கம்னா அது எடங்கைட்டி" என்றாள். ஈரக் கையின் அடையாளம் சுவரில் கொஞ்ச நேரம் இருந்து காய்ந்துபோனது. "சரிதான். வலக்கை சாந்துச் சட்டியப் பிடிச்சிருந்திருக்கும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயந்தேன். அவள் மேற்கொண்டு துலக்கினாள்.

நான் நினைத்தபடியே அடுத்த சாரலுக்கு அந்தக் கை வந்துவிட்டது. அன்றைக்கு நானும் நடுவீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரரும் இருந்தார்.

"பாலம் கட்டுற காலத்துல சாந்து சுமந்தவ ஒருத்தி" என்று மதினி ஆரம்பித்தாள். "சுண்ணாம்புல கருப்பட்டித் தண்ணி ஊத்தி அரைச்ச சாந்து. காஞ்சா கல்லவிடக் கெட்டி. வலக்கையில சட்டி. நட்டநடு வளைவுல பூசி முடிச்சு மேஸ்திரி அந்தால போனாரு. இவ எடங்கைய வச்சு ஒரு அழுத்து. மேஸ்திரி திரும்பிப் பாத்துட்டாரு. 'ஏட்டி, கூறுகெட்டவளே, எதுக்கு வச்ச?'ன்னு ஏசுதாரு. அவ சொன்னா, 'நாளைக்கு மேல ரயிலு போவும். போறவன்லாம் பாலத்தக் கட்டுனது தொரைம்பான். நான் இங்கன இருந்தேன்னு யாரு சொல்லுவா?'ன்னு."

உள்ளே மதினியின் மாமியார் முனகுவது கேட்டது. மதினி எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு தடவைதான் எழுந்திருக்காமல் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "ஆமா மதினி, அந்தக் கை அப்படியேதான் இருக்கு" என்றார். "மில்லு சோலியாப் போனப்ப ஒருக்கா கீழ எறங்கிப் பாத்தேன்."

நான் மூலையை விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நெசமாவே பாத்தீங்களா?"

"எத?"

"அந்தக் கைய."

துண்டை உதறிக் கொடியில் போட்டார். "பாத்த மாதிரிதான் இருக்கு" என்றார்.

அந்தப் பொய் என் பொய் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால், "எதுக்குச் சொன்ன?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வேன்? அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தக் கைக் கதையைக் கேட்டேன். மதினி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்ப்பாள். ஒரு வருஷம் மணிக்கட்டில் வளையல் தடம் வந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே அது கண்ணுக்குள் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அறுபத்து நாலு, ஐந்து இருக்கும். மதினியின் மாமியார் போய்ச் சேர்ந்தாள். வருஷத் திதி கழிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னார். "பாவம், மதினி எங்கயும் போனது கெடையாது. ஒரு நா பஸ்ல கூட்டிக்கிட்டுப் போயி அந்தப் பாலத்தக் காட்டிட்டு வருவோம். பஸ்ல போனா எறங்கி நல்லாப் பாக்கலாம்."

பாதி மனசு, வேண்டாம், கை இல்லை என்றால் என் பொய் வெளியே வந்துவிடும் என்றது. பாதி மனசு, போகட்டும், போய் வெறும் கல்லைப் பார்த்து அவள் முகம் செத்துப்போகட்டும் என்றது. இரண்டாவது பாதிதான் பெரிது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் அவர் மதினிக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தார். "மதினி, இங்கன உக்காருங்க, அப்பத்தான் எல்லாம் தெரியும்" என்றார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரியும் என்று எனக்கு ரயிலில் சொன்னவர் இல்லை. மதினி கண்டக்டரை விடவில்லை.

"தம்பி, இது என்ன மரம், வரிசையா நிக்கி?"

"ரப்பர், அக்கா."

"பாலு வெள்ளையா வருமா, மஞ்சளா?"

"வெள்ளைதான்."

"நாத்தம் உண்டா?"

"அக்கா, நான் டிக்கெட்டு கிழிக்கவா, பாலு கறக்கவா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. மதினியும் சிரித்தாள். அவள் இருக்கிற இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், நான் மட்டும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கழுதுருட்டி பக்கம் இறங்கினோம். ஒரு திருப்பம் தாண்டியதும் பாலம் முழுசாக வந்து நின்றது. மேலே மேகம் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. கீழே ஆறு பாறைகளுக்குள் முட்டிக்கொண்டு வெள்ளையாக ஓடுகிறது. நடுவில் வரிசையாகக் கறுத்த வளைவுகள், பாசி பிடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டுக் காடு தெரிகிறது. நானும் அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறேன்.

மதினி என் காதில் மட்டும் கேட்கும்படி, "நான் சொன்ன பாலம் இதவிடக் கொஞ்சம் ஒசரம்ட்டி" என்றாள்.

அங்கே ஒரு டீக்கடை இருந்தது. என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கப்போகிறோம் என்றதும் கடைக்காரர், "அட்டை உண்டு கேட்டோ, நோக்கிப் போணும்" என்று மலையாளத்தில் எச்சரித்தார். மதினி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தாள். முந்தின நாள்தான் நிறைத்து வைத்திருந்தாள். நான் பார்த்தேன். அட்டை ஏறாமல் இருக்கக் கணுக்காலைச் சுற்றிக் கோடு மாதிரி இழுத்துக்கொண்டாள். என் காலிலும் இழுத்துவிட்டாள்.

சரிவில் பாதி தூரம் இறங்கினோம். நட்டநடு வளைவு நேரே தெரிந்தது. உள்ளே இருட்டு. அங்கே வந்ததும் என் கால் நின்றுவிட்டது.

"வாட்டி" என்றாள்.

"அட்டை இருக்கும் மதினி. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

அட்டை ஒரு சாக்கு. வெறும் கல்லுக்கு முன்னால் அவள் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் முகம் செத்துப்போவதைத் தூரத்தில் இருந்து பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறையைப் பிடித்துப் பிடித்துப் போனாள். வளைவுக்குள் நுழைந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்து நின்றாள், நிமிர்ந்து நின்றாள். தூறல் போட ஆரம்பித்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் சாகவில்லை.

"இருந்துதா மதினி?"

"இருக்கு."

"எப்படி?"

"நீ சொன்ன மாதிரிதான். எடங்கை. பெருவெரல் வலது பக்கம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நானும் போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்றேன்.

"மழை வருது. பாறை வழுக்கும். பஸ்ஸு போயிரும்." என்னைத் தாண்டி மேலே ஏறினாள். ஏறிக்கொண்டே, "நீ பாக்கலன்னா என்ன? நான் பாத்தேன்லா. நான் சொல்லுதத வச்சுக்கோ" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் இடது கையை மூடியே வைத்திருந்தாள். பொட்டலத்தைக் கொடுத்தேன், வலது கையால் வாங்கினாள். ஒரு வளைவில் பஸ் சாய்ந்ததும் தன்னை மறந்து இடது கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். கையை எடுத்ததும் கம்பியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் ஜன்னல் வழியே ரப்பர் மரத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தேன்.

மறுநாள் காலையில் வெற்றிலையை நீட்டிக்கொண்டு வந்தாள். "ஏட்டி, கொஞ்சம் சுண்ணாம்பு தா."

இடது உள்ளங்கை சிவந்து தோல் வெந்திருந்தது.

"கையில என்ன மதினி?"

"கஞ்சிப் பானை சுட்டுட்டு."

அவள் வாயில் நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். பாலத்தடியில் "இருக்கு" என்று சொன்னாளே, அது பொய் இல்லை. அவள் திரும்பி வரும்போது அங்கே ஒரு கை இருந்திருக்கிறது.

எனக்கு நன்றி வரவில்லை. என் வயிறு எரிந்தது. பாலத்தை எடுத்துக்கொண்டாள். அவர் முகத்தை எடுத்துக்கொண்டாள். கடைசியில் என் பொய்யைக்கூட என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாள். அது பொய் என்று அவளுக்குக் கிணற்றடியிலேயே தெரிந்துவிட்டதா, இல்லை அன்றைக்கு வெறும் கல்லைப் பார்த்த பிறகுதானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அதன் பிறகு மதினி அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாரலுக்கு வந்தவர்கள், "அந்தக் கைக் கதைய சொல்லுங்க அக்கா" என்று கெஞ்சுவார்கள். மதினி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அவள்ட்ட கேளுங்க. அவதான் மொதல்ல சொன்னா" என்று என்னைக் கை காட்டுவாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். அடுப்பில் என்னவோ இருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவேன். ஐந்தாறு சாரலுக்கு அப்புறம் கேட்கிறவர்களும் இல்லாமல் போனார்கள். அண்ணாச்சிக்குக் கோவில்பட்டியில் வேறு கடையில் வேலை கிடைத்து அவர்கள் வளவைக் காலி செய்துகொண்டு போனார்கள். போகும்போது மதினி எல்லார் வீட்டு வாசலிலும் நின்று பேசினாள். என் வாசலில் நின்று, "வாரேன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சேதி இல்லை. என் வீட்டுக்காரர் கண் மூடுகிற வரைக்கும் அந்தக் கையைத் தான் பார்த்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

இதில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. கண் பதிமூன்றுதானா என்று எண்ணிப் பாருங்கள், நான் எண்ணவில்லை. ஆறு ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதும் மறந்துவிட்டது. பிறகு, முடிந்தால், நட்டநடு வளைவுக்குள் போய்ப் பாருங்கள். வெறும் வெற்றிலைச் சுண்ணாம்பு, இத்தனை வருஷத்து மழையில் போயிருக்கும். பாசியை விலக்கிப் பாருங்கள். இருந்தால் இடது கைதானா, பெருவிரல் வலது பக்கமா என்று எனக்குத் தெரியவேண்டும். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். என் கை சின்னதுதான்.